முற்று எங்கே இருக்கிறது?

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த எவரும் மறக்காத வாக்கியம் ஒன்று உண்டு: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு கம் டு ஸ்கூல்.' காய்ச்சல் வந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள், கிரிக்கெட் பார்க்கப் போனவர்களும் எழுதியிருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு ஒரு தேசிய ஆங்கில வாக்கியம் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் போட்டியின்றி இதுதான் தேர்வாகும். மனப்பாடமாக எழுதியதாலேயே நாம் கவனிக்காமல் விட்ட சங்கதி, இது இலக்கணப்படி மிக ஒழுங்கான வாக்கியம் என்பது.

அதில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. இரண்டிலும் எழுவாய் உண்டு, முற்று உண்டு. ஆனால் முதல் துண்டின் தலையில் 'ஆஸ்' என்ற பொடிச் சொல் உட்கார்ந்திருக்கிறது. அது அந்தத் துண்டைத் தனியாக நிற்கவிடாது. 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்...' என்று சொல்லிவிட்டு ஒருவர் வாயை மூடிக்கொண்டால், 'இருப்பதால் என்ன?' என்று கேட்போம் அல்லவா, அதே கதைதான். இரண்டாவது துண்டு அப்படியல்ல. 'ஐ ஆம் அனேபிள் டு கம் டு ஸ்கூல்' என்பதற்கு யார் துணையும் வேண்டாம். ஒன்று சார்ந்து நிற்கிறது, மற்றொன்று தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்குக் 'காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ்' என்று பெயர். நம் பாடப்புத்தகம் கலவை வாக்கியம் என்று சொல்லும்.

வேலைக்குப் போய், பாடம் மறந்து, லீவ் லெட்டரைச் சொந்தமாக எழுத ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல். 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு கம் டு ஆபீஸ்' என்று எழுதுகிறோம். 'ஆஸ்' போய்விட்டது, கமா மட்டும் இருக்கிறது. ஆங்கில இலக்கணக்காரர்கள் இந்தப் பிழையைக் 'கமா ஸ்ப்ளைஸ்' என்கிறார்கள். இரண்டு கயிற்று முனைகளைப் பிரித்து ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்ப்பதற்குத்தான் ஸ்ப்ளைஸ் என்று பெயர். அப்படி முறுக்கிச் சேர்க்கும் வலு கமாவுக்கு இல்லை என்பது அவர்கள் கட்சி. கமாவும் இல்லாமல் இரண்டையும் மோதவிட்டால் அது 'ரன்-ஆன்'. இன்னொரு வகை ஆசாமிகள் 'ஆஸ்' சொல்லை விடாமல் வைத்துக்கொண்டு, 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். அது 'ஃப்ராக்மென்ட்', அதாவது முடியாத துண்டு. ஒரே லீவ் லெட்டரில், ஒரே சொல்லை எடுப்பதாலும் வைப்பதாலும் ஆங்கில வாக்கியத்தின் மூன்று பெரிய பிழைகளையும் செய்துவிட முடிகிறது.

வாக்கிய வகைகள் என்றதும் பலருக்கு ரென் அண்ட் மார்ட்டின் நினைவுக்கு வரும். அந்த ரென் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவர். பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். பாலைவனத்து வெளிநாட்டுப் படைவீரர்களின் கதை எழுதியவர்தான் நம்மைத் துணைவினைப் பாலைவனத்தில் அலையவிட்டார் என்று என் கல்லூரி நண்பர்கள் சொல்வதுண்டு. செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்று பொருளை வைத்துப் பிரிக்கும் நான்கு வகைகளில் நமக்குப் பெரிய தொந்தரவு வருவதில்லை. தொந்தரவெல்லாம் கட்டமைப்பை வைத்துப் பிரிக்கும் வகைகளில்தான். தனி வாக்கியத்தில் ஒரு முற்று. தொடர் வாக்கியத்தில் தனித்து நிற்கக்கூடிய இரண்டு துண்டுகள் 'அண்ட்', 'பட்', 'ஆர்', 'ஸோ' போன்ற ஒன்றால் கட்டப்பட்டிருக்கும். கலவை வாக்கியத்தில் ஒன்று தாங்க, மற்றது சாரும். பாடம் இவ்வளவுதான். இதை ஐந்து வருஷம் படித்தும் ஏன் தவறு செய்கிறோம்?

என் பதில், நமக்கு இலக்கணம் தெரியாததால் அல்ல. தமிழ் இலக்கணம் நன்றாகத் தெரிந்திருப்பதால்.

'காலையில் எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, பஸ் பிடித்து ஆபீஸ் போனேன்.' ஐந்து காரியங்கள், ஒரே ஒரு முற்று. எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பிடித்து எல்லாம் வினையெச்சங்கள். எச்சம் என்றால் மிச்சம் இருப்பது, இன்னும் முடியாதது. அந்தச் சொல்லின் ஈறே 'பின்னால் வருகிறது, பொறு' என்று சொல்லிவிடுகிறது. நடுவில் போட்டிருக்கும் கமாக்களை அழித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகாது. தமிழில் கட்டுகிற வேலையை ஈறு பார்த்துக்கொள்கிறது, கமா வெறுமே மூச்சுவிட இடம் காட்டுகிறது. அச்சு இயந்திரமும் ஐரோப்பிய உரைநடைப் பழக்கமும் வந்த பிறகுதான் கமா நம் உரைநடையில் நிலைத்தது. ஓலைச்சுவடியில் அது இல்லை, மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல்தான் எழுதினார்கள். அப்படியும் வாக்கியம் எங்கே முடிகிறது என்று படிப்பவருக்குத் தெரிந்தது. முற்று வந்தால் முடிந்தது.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். அங்கே ஈறு இந்த வேலையைச் செய்வது மிகக் குறைவு. 'ஐ காட் அப், ஐ பேத்ட், ஐ ஏட்' என்று போனால் ஒவ்வொன்றும் முற்று, ஒவ்வொன்றும் முடிந்த வாக்கியம். அவற்றைக் கட்டுவதற்கு வெளியிலிருந்து ஒரு சொல் வரவேண்டும். தமிழில் மூச்சுவிடும் இடத்தில் கமா போட்டுப் பழகிய கை, ஆங்கிலத்திலும் அதையே செய்கிறது. கட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று மனசு நம்புகிறது. விழவில்லை. போதாக்குறைக்கு, 'மழை பெய்தது, பஸ் வரவில்லை' என்று இரண்டு முற்றுகளைக் கமா போட்டு எழுதுவதை இன்றைய தமிழ் உரைநடை அனுமதிக்கிறது. ஆங்கிலமும் மிகச் சிறிய துண்டுகள் இரண்டு மூன்றை அடுக்கினால் கண்டுகொள்ளாமல் விடும். நீளமாக எழுதினால் விடாது.

ஆகவே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதி முடித்ததும் கமாவைத் தேடாதீர்கள், முற்றைத் தேடுங்கள். அதில் காலம் காட்டி நிற்கும் வினை எத்தனை? ஒன்று என்றால், அதன் தலையில் 'ஆஸ்', 'பிகாஸ்' போன்ற சொல் இல்லாதவரை கவலை இல்லை. இரண்டு என்றால், அவற்றைக் கட்டும் சொல் எங்கே என்று கேளுங்கள். கட்டும் சொல் இல்லையென்றால் அங்கே பிழை. ஒன்றுகூட இல்லையென்றால் அதுவும் பிழை.

காய்ச்சல் வாக்கியத்தைச் சரிசெய்ய நாலு வழி இருக்கிறது. நடுவில் முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக்கலாம். சரியாகத்தான் இருக்கும், தந்தி அடித்த மாதிரி இருக்கும். செமிகோலன் வைக்கலாம், ஆங்கிலத்தில் கட்டும் சொல் இல்லாமலே இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டவைக்கக்கூடிய குறி அது. ஆனால் லீவ் லெட்டரில் செமிகோலன் வைப்பவரை மேலதிகாரி சந்தேகத்தோடு பார்ப்பார். கமாவுக்குப் பின் 'ஸோ' போடலாம். அல்லது பழையபடி தலையில் 'ஆஸ்' போடலாம். கடைசி இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 'ஸோ' போட்டால் காய்ச்சலும் லீவும் சம எடையில் இருக்கும். 'ஆஸ்' போட்டால் காய்ச்சல் காரணமாகப் பின்னால் போய், லீவ் முன்னால் வந்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது லீவ்தானே. பெயர் தெரியாத அந்தப் பாடப்புத்தக ஆசிரியர் விஷயம் தெரிந்தவர்.

இதே வகையில், படித்தவர்கள் அதிகம் சறுக்கும் இடம் 'ஹவெவர்'. 'தி டெண்டர் வாஸ் ஓப்பன்ட், ஹவெவர் நோ ஒன் வாஸ் பிரசென்ட்' என்று அரசு அலுவலகக் கடிதங்களில் தினமும் பார்க்கலாம். 'பட்' இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று 'ஹவெவர்' போடுகிறார்கள். தமிழில் 'ஆனால்', 'எனினும்' இரண்டும் ஒரே வேலைக்குப் போகும், ஆள்தான் வேறு. ஆங்கிலத்தில் 'பட்' கட்டும் சொல், 'ஹவெவர்' கட்டாது. அது வாக்கியத்துக்குள் உலாவும் அடைச்சொல். சோதித்துப் பார்ப்பது சுலபம். 'நோ ஒன், ஹவெவர், வாஸ் பிரசென்ட்' என்று அதை நடுவில் நகர்த்தலாம், கடைசிக்குக்கூடத் தள்ளலாம். 'பட்' சொல்லை அப்படி நகர்த்திப் பாருங்கள், நகராது. நகராதது ஆணி, நகர்வது நாற்காலி. 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்', 'நெவர்தெலெஸ்' எல்லாம் நாற்காலிகளே. அவற்றுக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ செமிகோலனோ இருக்கவேண்டும், கமா போதாது.

முடியாத துண்டு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் தமிழில் விடை இருக்கிறது. 'அவன் வரவில்லை. ஏனென்றால் மழை.' தமிழில் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 'ஏனென்றால்' என்று புது வாக்கியம் தொடங்கலாம். 'மழை' என்ற ஒற்றைப் பெயர்ச்சொல்லோடு முடிக்கவும் செய்யலாம். 'இவர் டாக்டர்' என்பதில் வினையே இல்லை, ஆனாலும் முழு வாக்கியம். எழுவாயை விழுங்கினாலும், வினையை விழுங்கினாலும் தமிழ் வாக்கியம் நிற்கும். ஆங்கில வாக்கியத்துக்கு இரண்டு காலும் வேண்டும். 'பிகாஸ்' என்பதை 'ஏனென்றால்' என்று கற்றுக்கொடுத்ததில்தான் வினையே ஆரம்பித்தது என்று எனக்குத் தோன்றும். 'பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்' என்பதற்கு நேரான தமிழ் 'மழை பெய்துகொண்டிருந்ததால்'. அப்படிக் கற்றுக்கொடுத்திருந்தால், அதற்குப் பின் முற்றுப்புள்ளி வைக்க எந்தத் தமிழ்க் கையும் துணியாது.

அலுவலகக் கடிதங்களில் இந்த அரைகுறை வாக்கியங்களுக்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர் டேட்டட் தி டென்த்.' முற்றுப்புள்ளி. பத்தாம் தேதிக் கடிதத்தைக் குறித்து... என்ன? அடுத்த வாக்கியம் வேறு எதையோ பேசும். கடிதத்தின் அடியில் 'தேங்கிங் யூ' என்று ஒற்றையாய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கதை சுவாரஸ்யமானது. வெள்ளைக்காரன் காலத்துக் கடிதங்களில் அது, 'தங்களுக்கு நன்றி கூறி, தங்கள் கீழ்ப்படிந்த ஊழியனாக இருக்கிறேன்' என்ற முழு வாக்கியத்தின் முன்பாதி. 'ஐ ரிமெய்ன்' என்ற முற்று பிறகு வரும், அதன்பின் கையெழுத்து. கீழ்ப்படிந்த ஊழியனாக இருக்க ஜனங்களுக்கு விருப்பமில்லாமல் போய் முற்று உதிர்ந்துவிட்டது. எச்சம் மட்டும் முற்றை எதிர்பார்த்து இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. வழக்கில் ஊறிவிட்ட இதைத் திருத்தச் சொல்லி நான் யாரையும் தொந்தரவு செய்யமாட்டேன். 'தேங்க் யூ' என்று எழுதிவிட்டால் வம்பே இல்லை.

இன்னொரு பிழை, இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'வாக்கிங் டவுன் தி ரோட், எ டாக் பிட் மீ' என்று எழுதினால் ரோட்டில் நடந்து போனது நாய். ஆங்கிலப் புத்தகங்கள் இதை 'டாங்ளிங்', அந்தரத்தில் தொங்கும் எச்சம் என்று பக்கம் பக்கமாக விளக்கும். தமிழில் ஒரே வரியில் தெரிந்துவிடும். 'ரோட்டில் நடந்து நாய் என்னைக் கடித்தது' என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லாது. 'நடந்து போகும்போது' என்றுதான் சொல்லும். 'செய்து' வாய்பாட்டு எச்சத்தைச் செய்தவன் எவனோ அவனே முற்றையும் செய்யவேண்டும் என்று தொல்காப்பியர் வினையியலில் விதித்துவிட்டார். 'மழை பெய்து குளம் நிறைந்தது' போன்ற வழக்குகளுக்கு இலக்கணக்காரர்கள் சமாதானம் சொல்வார்கள், அது தனிக் கச்சேரி. பொது விதி நம் காதிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் எச்சத்தோடு தொடங்கும் வாக்கியம் எழுதும்போதெல்லாம், மனசுக்குள் 'செய்து' போட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

சிரிப்புக்காக நாயைச் சொன்னேன். 'ஹேவிங் பீன் ஃபவுண்ட் கில்ட்டி, தி மேனேஜர் சஸ்பெண்டட் தி கிளார்க்' என்று ஒரு நடவடிக்கைக் குறிப்பில் இருந்தால் குற்றவாளி யார்? இலக்கணப்படி மேனேஜர். குமாஸ்தாவின் வக்கீல் இலக்கணம் தெரிந்தவராக இருந்தால் அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஒருமை பன்மை மயங்குவதும் முற்றைத் தேடினால் தெரியும். 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் ஆர் பேட்' என்பதில் முற்றைப் பிடித்துக்கொண்டு 'எது மோசம்?' என்று கேளுங்கள். மாம்பழங்களா, தரமா? தரம் என்றால் 'இஸ்'. பக்கத்தில் நிற்பதாலேயே ஒரு சொல் எழுவாயாகிவிடாது.

இதெல்லாம் பரீட்சைக்காரர்களின் கவலை, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் ஒரு வாடகைச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். விதர்பா பகுதியில் அமலில் இருந்த மத்திய மாகாண - பேரார் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை 1949-ல் வந்தது. குடியிருப்பவரை எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்று அதில் ஒரு ஷரத்து. அவர் வேறு வீடு தேடிக்கொண்டிருந்தால் ஒரு காரணம். இல்லையென்றால், தொடர்ந்து 4 மாதம் அந்தப் பகுதியைவிட்டுப் போயிருந்தால். இதற்குப் பின்னால் 'அண்ட்' போட்டு, அந்த வீடு அவருக்கு நியாயமாகத் தேவைப்படவில்லை என்ற நிபந்தனை ஒட்டியிருக்கிறது. இப்போது கேள்வி: கடைசி நிபந்தனை இரண்டு காரணங்களுக்கும் சேர்த்தா, இரண்டாவதுக்கு மட்டுமா? வேறு வீடு கிடைத்த ஒருவர், 'எனக்கு இந்த வீடும் தேவைப்படுகிறது' என்று வாதாட முடியுமா, முடியாதா? கூரை போகுமா நிற்குமா என்பது ஒரு 'அண்ட்' எதுவரை நீள்கிறது என்பதில் வந்து நிற்கிறது.

உச்ச நீதிமன்றம் 1988-ல் இதைத் தீர்த்தது. வேறு வீடு தேடிக்கொண்டது என்ற முதல் பகுதிக்குப் பின் ஒரு கமா இருக்கிறது. அது முதல் காரணத்தைத் தனியாக வெட்டிவிடுகிறது. ஆகவே கடைசி நிபந்தனை இரண்டாவதுக்கு மட்டும்தான் என்று முடிவாயிற்று. சட்ட வாசகத்தில் நிறுத்தக்குறி சின்ன விஷயம், அதை வைத்துப் பெரிதாகப் பொருள் கொள்ளவேண்டாம் என்று அதே நீதிமன்றத்தில் 1952-ல் நீதிபதி பி. கே. முகர்ஜியா சொல்லியிருந்தார். குறிகள் கவனமாக இடப்பட்ட வாசகத்தில் அவற்றை ஒதுக்கமுடியாது என்பது 1988-ன் பார்வை. இரண்டையும் படிக்கும்போது, கமா சின்ன விஷயமாக இருப்பது அதனால் யாருடைய வீடும் போகாதவரைதான் என்று தோன்றுகிறது.

இந்த ஷரத்தைத் தமிழாக்க வேண்டியவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 'வேறு வீடு கிடைத்திருந்தாலோ, 4 மாதம் ஊரில் இல்லாமலிருந்து வீடும் தேவைப்படாதிருந்தாலோ' என்று எழுதினால் அது ஒரு தீர்ப்பு. 'வேறு வீடு கிடைத்திருந்தாலும் சரி, 4 மாதம் ஊரில் இல்லாதிருந்தாலும் சரி, இந்த வீடு தேவைப்படாதிருந்தால்' என்று எழுதினால் நேர் எதிரான தீர்ப்பு. ஆங்கிலத்தில் இருந்த மயக்கத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர வழியில்லை. 'ஓ'வும் 'உம்'மும் எங்கே ஒட்டவேண்டும் என்று கேட்டே தீரும். நீதிபதிக்கு முன்னால் மொழிபெயர்ப்பாளன் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அதுவும் சம்பளத்தில் வித்தியாசம் இல்லாமல்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள விசேஷம் அல்ல. கனடாவில் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இடையே, கம்பங்களில் கேபிள் கட்டிக்கொள்ள ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஐந்து வருஷம் அமலில் இருக்கும், அதன்பின் ஐந்தைந்து வருஷமாக நீளும், ஒரு வருஷ முன்னறிவிப்பில் ரத்தானால் ஒழிய, என்பது வாசகம். இந்த 'ஒழிய'வுக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஒரு கமா விழுந்துவிட்டது. கமா இருப்பதால் ரத்து செய்யும் உரிமை முதல் ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துத்தான் என்று 2006-ல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் சொன்னது. கேபிள் கட்டியிருந்த நிறுவனத்துக்குப் பெரும் தொகை நஷ்டமாகும் நிலை. அவர்கள் அதே ஒப்பந்தத்தின் பிரெஞ்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு போனார்கள். கனடாவில் இரண்டும் அதிகாரபூர்வ மொழி. பிரெஞ்சு வாசகத்தில் ரத்து உரிமை நீட்டிப்புக் காலத்துக்கு மட்டுமே என்பது தெளிவாக இருந்தது. 2007-ல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆங்கில வாக்கியத்தின் நோயை இன்னொரு மொழியின் வாக்கியம் தீர்த்துவைத்தது.

நம் ஊரில் அப்படி நடக்குமா என்றால் கஷ்டம். நம் அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு, ஒரு மாநிலச் சட்டமன்றம் ஆங்கிலம் அல்லாத மொழியில் சட்டம் இயற்றினால்கூட, ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் கெஜட்டில் வெளியாகும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையே அதிகாரபூர்வ ஆங்கில வாசகமாகக் கொள்ளவேண்டும் என்கிறது. உச்ச நீதிமன்றத்திலும் பொதுவாக உயர் நீதிமன்றங்களிலும் பேசும் மொழி ஆங்கிலம். ஆக, அங்கே எடுத்துப் படிக்கப்படுவது அந்த வாசகம்தான். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில 2019 முதல் பிராந்திய மொழிகளிலும் வெளியாகின்றன. நல்ல காரியம். ஆனால் ஒவ்வொன்றிலும், எல்லா அதிகாரபூர்வத் தேவைகளுக்கும் ஆங்கில வடிவமே செல்லும் என்ற குறிப்பும் கூடவே வருகிறது. 'ஓ'வும் 'உம்'மும் எவ்வளவு தெளிவாக ஒட்டியிருந்தாலும், வழக்கு என்று வந்தால் ஆங்கில வாக்கியத்தின் 'அண்ட்' எதுவரை நீள்கிறது என்பதுதான் எடுபடும்.

கம்ப்யூட்டர் பிழையைத் திருத்திக்கொடுக்காதா என்று கேட்பவர்களுக்கு: காய்ச்சல் வாக்கியத்தின் கீழ் அது பெரும்பாலும் கோடு போட்டுவிடும். நாயையும் சில சமயம் பிடிக்கும். விதர்பா ஷரத்தின் கீழ் எந்தக் கோடும் விழாது. அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை; எழுவாய் இருக்கிறது, முற்று இருக்கிறது, கட்டும் சொல் இருக்கிறது. எதை எதோடு கட்டினோம் என்பது மட்டும் சொல்லப்படவில்லை.

ஆகவே வாடகை ஒப்பந்தமோ இன்ஷூரன்ஸ் பாலிசியோ கைக்கு வந்தால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்: 'அண்ட்', 'அன்லெஸ்'. அவற்றுக்கு முன்னால் எத்தனை முற்றுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், இது எல்லாவற்றுக்குமா அல்லது கடைசியாகச் சொன்னதற்கு மட்டுமா என்று எதிரே இருப்பவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை இன்னொரு தனி வாக்கியமாக, ஒரே முற்றோடு, கீழே எழுதச் சொல்லி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.